விலை ஏன் இறங்குவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

பெரிய பிராண்டுகளின் செல்போன், டிவி, ஹெட்போன் விலைகளைப் பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்து வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன் ஐபோன்தான் வேண்டும் என்கிறான். 79,900 ரூபாய் கொடுத்து வாங்கும் போனில் உள்ள உதிரி பாகங்களின் விலை அதில் பாதிகூட வராது என்று படித்தேன். அமெரிக்காவில் அதன் விலை 799 டாலர்தான் என்று அங்கிருக்கும் என் தங்கை மகள் சொல்கிறாள். ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகும் பொருளுக்கு நாம் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? விலையைக் குறைத்து அதிகம் விற்றால் கம்பெனிக்கும் லாபம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: அமெரிக்க விலையிலிருந்து தொடங்குவோம். நீங்கள் குறிப்பிடும் விலை, 2024 செப்டம்பரில் வெளியான ஐபோன் 16-இன் அறிமுக விலை. அமெரிக்காவில் சொல்லப்படும் 799 டாலரில் விற்பனை வரி சேராது; அது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் என்பதால் பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். நம் நாட்டில் பெட்டியின்மேல் அச்சிடும் விலை எல்லா வரிகளும் உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. 79,900 ரூபாயிலிருந்து 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் ஏறத்தாழ 67,700 ரூபாய் நிற்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு டாலர் சுமார் 84 ரூபாய். அந்தக் கணக்கில் 799 டாலர் என்பது 67,100 ரூபாய். அதாவது, அந்த மாடலைப் பொறுத்தவரை நீங்கள் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பகுதி நம் வரிதான். செல்போனுக்கான ஜி.எஸ்.டி. 2017-இல் 12 சதவீதமாகத் தொடங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

ஆனால், அதே நாளில் அறிமுகமான ஐபோன் 16 ப்ரோவை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. அதன் விலை 1,19,900 ரூபாய். வரியைக் கழித்தால் 1,01,600. அமெரிக்காவில் 999 டாலர், அதாவது சுமார் 83,900 ரூபாய். வரியை ஒதுக்கிய பிறகும் 17,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ப்ரோ வகைகள் அதற்கு முந்தைய ஆண்டுவரை முழுவதும் இறக்குமதியானவை என்பதும், செல்போனுக்கான அடிப்படைச் சுங்க வரி 2018 முதல் 20 சதவீதமாக இருந்து 2024 ஜூலையில்தான் 15 சதவீதமானது என்பதும் இதற்கு ஒரு பகுதிக் காரணம். மற்றொரு காரணம் நிறுவனத்தின் மதிப்பீடு என்றே நான் கருதுகிறேன். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து போன் வாங்கத் துணிந்தவர் இன்னும் பத்துப் பதினைந்தாயிரத்துக்காகப் பின்வாங்க மாட்டார். 70,000 ரூபாயை எட்டிப் பிடிக்கப் பார்ப்பவர் பின்வாங்கிவிடுவார். எந்த மாடலில் விலையை இறுக்கிப் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதை அவர்கள் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். போன் எந்த ஊரில் தயாராகிறது என்பது அவர்களுடைய செலவைக் குறைக்கலாம். நாம் கொடுக்கும் விலையைத் தானாகக் குறைத்துவிடாது.

உதிரி பாகங்களின் விலைக்கு வருவோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது அன்றைய வெள்ளி விலை நமக்குத் தெரியும், எடை நம் கண்முன்னே தராசில் தெரியும், செய்கூலியையும் சேதாரத்தையும் தனியாகச் சொல்வார்கள். பேரம் பேசுவதும் அந்தச் செய்கூலியில்தான். செல்போனில் உலோகமும் செய்கூலியும் கடைக்காரர் கூலியும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவதால், எதற்கு எவ்வளவு என்று வாங்குபவரால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இருந்தாலும் ஆப்பிள் நிறுவனம் பங்குதாரர்களுக்கு வெளியிடும் ஆண்டுக் கணக்கில் ஓரளவு விவரம் கிடைக்கிறது. 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில், பொருள்களை விற்று வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 63 ரூபாய் அந்தப் பொருள்களை உண்டாக்கி அனுப்பிய செலவு. 37 ரூபாய் மொத்த லாபம். ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் அந்த ஆண்டில் செலவிட்டது 3,100 கோடி டாலருக்கு மேல். அந்தச் செலவு, விளம்பரம், கடைகள், நிர்வாகம், வரி எல்லாம் போகத்தான் நிகர லாபம். அது மிகப் பெரிய லாபம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உதிரி பாகங்களின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து மீதியெல்லாம் கொள்ளை என்று சொல்லும் கணக்கும் சரியான கணக்கு அன்று. ஒரு சிப்பை வடிவமைத்து முதல் துண்டை எடுப்பதற்கே கோடிக்கணக்கில் செலவாகிறது. அதன்பின் வரும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். இத்தகைய தொழிலில் உற்பத்திச் செலவைக் கொண்டு விலையை நிர்ணயிப்பதில்லை. வாங்குபவர் எதுவரை கொடுப்பார் என்பதைக் கொண்டே நிர்ணயிக்கிறார்கள்.

குறைத்து அதிகம் விற்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்து பார்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2007 ஜூன் இறுதியில் முதல் ஐபோன் 599 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதை 399 டாலராகக் குறைத்தார்கள். முதல் நாளே வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அப்போது ஆப்பிளின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 100 டாலர் மதிப்புக்கு வரவு தர வேண்டியதாயிற்று. புதியவர்களை ஈர்க்கச் செய்யும் விலைக்குறைப்பு, நேற்று முழு விலை கொடுத்த மிக நம்பிக்கையான வாடிக்கையாளரை ஏமாந்தவராக்கிவிடுகிறது என்ற பாடம் அதில் இருந்தது. அவருடைய கையில் உள்ள போனின் மறுவிற்பனை மதிப்பும் அதே நாளில் சரிகிறது. உயர்ரகப் பிராண்டை வாங்குபவர், ‘இரண்டு வருடம் கழித்துக் கொடுத்தாலும் நல்ல விலை வரும்’ என்று எண்ணித்தான் வாங்குகிறார். அந்த எண்ணம் நிலைத்திருக்க வேண்டுமானால் புதிய போனின் விலை ஆட்டம் காணக் கூடாது. அதனால்தான் நிறுவனத்தின் சொந்த விலை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு அசையாமல் நிற்கிறது. புதிய மாடல் வரும் நாளில் ஒரு படி இறங்குகிறது. ஐபோன் 16 வந்தபோது, 79,900 ரூபாயாக இருந்த ஐபோன் 15-இன் விலை 69,900 ஆனது இப்படித்தான்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அதே ஐபோன் 16-இல் 128 ஜி.பி.யிலிருந்து 256 ஜி.பி.க்குப் போக 10,000 ரூபாயும், அங்கிருந்து 512 ஜி.பி.க்குப் போக மேலும் 20,000 ரூபாயும் கூடுதலாக வைத்திருந்தார்கள். கூடுதல் நினைவகத்துக்கு ஆகும் செலவு அதில் சிறு பகுதிதான். இந்தப் படிகளில்தான் லாபம் மிக அதிகம். போன் வாங்கித் தருவது என்று நீங்கள் முடிவு செய்தால், முந்தைய ஆண்டு மாடலை அடிப்படை நினைவகத்துடன் வாங்குவதே ஒரு மாணவருக்குப் போதும் என்பது என் கருத்து. தங்கை மகளிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் யோசனை இருந்தால், 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அங்கு விற்கும் ஐபோன்களில் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஆத்தூரில் சிறிய எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெட்டியின்மேல் எம்.ஆர்.பி. ஒன்று, கம்பெனி எங்களுக்குச் சொல்லும் எம்.ஓ.பி. ஒன்று. எம்.ஓ.பி.க்குக் கீழே விற்றால் ஸ்கீம் தொகையை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள். ஆன்லைனில் மட்டும் அதைவிடக் குறைவாகப் போகிறது. எங்கள் கையைக் கட்டிப் போட இவர்களுக்கு அதிகாரம் உண்டா?
– கடை உரிமையாளர், ஆத்தூர்

பதில்: விஷயம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு டிவி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டைப் பார்த்தால், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம், வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றோடு எம்.ஆர்.பி. பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கடையில் டிவிக்கு முன்னால் நிற்கும் அட்டையில் அதைவிடப் பல ஆயிரம் குறைவான இன்னொரு விலை இருக்கும். அதுதான் கம்பெனி டீலர்களுக்குச் சொல்லியனுப்பும் சந்தை விற்பனை விலையான எம்.ஓ.பி. பேரத்தின் முடிவில் விற்பனையாளர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவது மூன்றாவது விலை. கடைக்காரரின் கொள்முதல் விலைக்கும் எம்.ஓ.பி.க்கும் இடையில் இருப்பது மிகக் குறைவு. மாத இலக்கை எட்டினால் பின்னால் வரும் ஸ்கீம் தொகைதான் அவருடைய உண்மையான வருமானம். அந்தத் தொகை கம்பெனியின் கையில் இருப்பதால், எழுதிக் கையெழுத்து வாங்காமலேயே விலையைப் பிடித்து நிறுத்த அவர்களால் முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது குற்றம். கீழே விற்பதற்குச் சட்டமுறை எடையளவு விதிகளில் எந்தத் தடையும் இல்லை. நான் சொல்லும் விலைக்குத்தான் மறுவிற்பனை செய்ய வேண்டும், அதற்குக் குறைவாக விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் நிபந்தனை விதிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(4)-இல், மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துதல் என்று வகைப்படுத்துகிறது. ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்தாலே அது சட்டவிரோதம் ஆகிவிடாது. சந்தையில் போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு அது பாதித்தது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு வழக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். இரண்டும் கார் வழக்குகள் என்றாலும் பிரிவு அதேதான். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்து, வாடிக்கையாளர்போல ஆட்களை அனுப்பிச் சோதித்து, மீறிய டீலர்களிடம் அபராதம் வசூலித்ததற்காக மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முன்பு 2017-இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை, மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்துவிட்டது. சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. எனவே விலை பற்றி வரும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, நிறுத்தப்பட்ட ஸ்கீம் தொகை பற்றிய கிரெடிட் நோட் ஆகியவற்றை அழிக்காமல் தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் பொருளின் விலையை நேராகவோ மறைமுகமாகவோ பாதிக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் தெளிவுபடுத்தி, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் விலை அப்படியே இருக்க, வங்கிச் சலுகை, பழைய போனுக்குக் கூடுதல் எக்ஸ்சேஞ்ச் என்று வேறு வாசல்கள் வழியாகக் குறைப்பு வந்துவிடுகிறது. அந்த வாசல்கள் ஒரு சிறு கடைக்காரருக்கு எளிதில் திறப்பதில்லை. 2024 ஏப்ரலில் தென்னிந்திய அமைப்புசார் சில்லறை விற்பனையாளர்கள் ஒன்றுசேர்ந்து, லாப விகிதம் போதவில்லை, உத்தரவாதக் கோரிக்கைகள் தேங்கிக் கிடக்கின்றன என்று கூறி, ஒரு செல்போன் பிராண்டின் பொருள்களை விற்பதை நிறுத்தப்போவதாகவே அறிவித்தார்கள். தனி ஒரு கடை பேசினால் ஸ்கீம் போய்விடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும் என்பது புரிகிறது. மாவட்டச் சங்கத்தின் வழியாகப் பேசுங்கள். போட்டி ஆணையத்திடம் வியாபாரிகள் சங்கமே தகவல் தாக்கல் செய்யலாம்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சத்தம் குறைக்கும் ஹெட்போன் வாங்குவதற்காக மலையிறங்கிச் சேலத்துக்கு வந்து, ஒரு கடையில் அரை மணி நேரம் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். வேறு இரண்டு கடைகளிலும் ஆன்லைனிலும் விசாரித்தேன். எல்லா இடத்திலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். இது கூட்டுச் சதி இல்லையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நீங்கள் சேலத்துக்கு வந்தது, பெட்டியைப் பிரித்து உங்கள் காதில் வைத்துக் காட்ட அங்கே ஒருவர் இருந்ததால்தான். அந்த இடத்துக்கு வாடகை, அந்த ஊழியருக்குச் சம்பளம், காட்சிக்கு வைத்ததால் விற்க முடியாமல் போகும் ஒரு ஹெட்போன் எல்லாம் கடைக்காரரின் செலவு. அங்கே கேட்டுப் பார்த்துவிட்டு மூவாயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறது என்று எல்லோரும் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினால், அடுத்த வருடம் அந்தக் காட்சி மேசை இருக்காது. கேட்டுப் பார்த்தாலன்றிச் சிறப்பு விளங்காத பொருளை விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய இழப்பு. விலையை எல்லா இடத்திலும் ஒன்றாக வைக்க அவை விரும்புவதற்கு இதுவே வலுவான காரணம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் ஒரு தோல்பொருள் நிறுவனத்தின் வழக்கில் இந்த வாதத்தை ஏற்று, இத்தகைய குறைந்தபட்ச விலை ஒப்பந்தங்கள் எல்லாமே தவறு என்று 1911 முதல் நிலவிவந்த விதியைக் கைவிட்டது.

ஹெட்போனில் ஆராய்ச்சிச் செலவையும் மறக்கக் கூடாது. போஸ் நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு விடுதலைப் போராட்ட வீரரின் மகன். 1978-இல் விமானத்தில் வரும்போது இயந்திர இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போகவே, இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலியலையால் அழிக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டுப் பார்த்தார். விமானிகளுக்கான முதல் ஹெட்போன் விற்பனைக்கு வந்தது 1989-இல்; சாதாரண மக்கள் வாங்கும் ஹெட்போன் வந்தது 2000-இல். இருபத்திரண்டு வருடம் காத்திருக்க முடிந்ததற்கு, அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததும், ஒவ்வொரு காலாண்டும் யாருக்கும் லாபக் கணக்கு காட்ட வேண்டியிராததும் காரணம்.

அதற்காக எல்லா விலை ஒற்றுமையும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பெட்டியோடு எடுத்துவந்து விளக்கம் ஏதும் இல்லாமல் கொடுத்துவிடும் கடைக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. அங்கே அதே விலையைக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். உங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்த கடையில் வாங்குவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். மலையில் வசிப்பதால் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள்: பழுது வந்தால் பொருளை அந்தக் கடையிலேயே வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்களா என்பதை பில் போடும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: விலையைக் குறைக்காமல் கேஷ்பேக், நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்று சுற்றிவளைப்பது ஏன்? நேரடியாகக் குறைத்துவிட்டால் என்ன?
– கல்லூரி மாணவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: நேரடியாகக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வங்கி அட்டை, பழைய போன், குறிப்பிட்ட மூன்று நாள்கள் என்று நிபந்தனை வைத்தால், குறைவான விலையைத் தேடி மெனக்கெடுபவருக்கு மட்டும் குறைத்து, மற்றவரிடம் முழு விலையை வாங்கிவிடலாம். பெட்டியின்மேல் உள்ள விலையும் கௌரவமும் அப்படியே நிற்கும். நேர்மையான ஒரே விலை என்ற கொள்கை எப்போதும் வெல்வதில்லை என்பதும் உண்மை. ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன், ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் தலைவராகி, 2012-இல் கூப்பன்களையும் தள்ளுபடிகளையும் அகற்றி நிரந்தரமாகக் குறைந்த விலைகளை வைத்தார். அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவரை நீக்கிவிட்டார்கள். தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளருக்கு, அடித்துக் காட்டிய பழைய விலை பக்கத்தில் இல்லாவிட்டால் புதிய விலை குறைவாகத் தோன்றுவதில்லை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வட்டியே இல்லாத கடன் என்பது கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. வட்டித் தொகையை யாரோ தள்ளுபடியாக ஈடுகட்டுகிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு வழியாக எடுத்தால், வங்கி அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும், பெரும்பாலும் ஒரு செயலாக்கக் கட்டணத்தையும் உங்களிடமே வாங்கும். மொத்தப் பணத்தையும் உடனே கொடுத்தால் எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். அந்த விலை குறைவாக இருந்தால், இடையில் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி.

கேள்வி: 55 அங்குல டிவியும் புதிய போனும் வாங்க வேண்டும். தீபாவளிவரை காத்திருக்கலாமா?
– இல்லத்தரசி, ஓமலூர்

பதில்: டிவிக்குக் காத்திருக்கலாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், வரிக்கு முன் 50,000 ரூபாயாக உள்ள டிவி 64,000-க்குப் பதில் 59,000 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். பண்டிகைத் தள்ளுபடி இதற்கு மேல்தான் வர வேண்டும். எம்.ஆர்.பி.யில் எவ்வளவு சதவீதம் தள்ளுபடி என்பதைப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று கடைகளில் கொடுக்கும் கடைசி விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். செல்போனுக்கு அந்த வரிக்குறைப்பு இல்லை, பழைய 18 சதவீதமே நீடிக்கிறது. ஐபோன் என்றால் செப்டம்பரில் புதிய மாடல் வந்த பிறகு முந்தைய மாடலை வாங்குங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வெளியே விற்பதாக இருந்தால், அதை ஆகஸ்டுக்குள் விற்றுவிடுவது நல்லது. புதிய மாடல் அறிவிப்பு வந்ததும் அதற்குக் கேட்கும் விலை இறங்கிவிடும்.